ஆடி மாசத்து அம்மன் குரல்: எல்.ஆர்.ஈஸ்வரி கோரஸ் பாடகியிலிருந்து இந்த இடத்துக்கு வந்தது எப்படி?

ஆடி பிறந்தாச்சுன்னா மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க. கூழ் வாங்க நிற்கும் வரிசை, வேப்பிலை, பம்பைச் சத்தம். அதையெல்லாம் மீறி ஸ்பீக்கரில் கணீரென்று ஒரு பெண் குரல். தி.நகர் முப்பாத்தம்மன் கோயில் பக்கம் வந்தாலும் அதே குரல்தான் காதில் விழும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பிறப்பால் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டுக்கென்றே பேர் போனவர். பெயர் எல்.ஆர்.ஈஸ்வரி.

யார் இவர்?

1939 டிசம்பர் 7-ம் தேதி சென்னையில் பிறந்தவர். முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, குடும்பத்தைத் தாங்கியது அம்மாவின் கோரஸ் பாட்டு. ஜெமினி ஸ்டூடியோவில் பாடியவர் அம்மா. (அந்த ஸ்டூடியோ இன்று இல்லை, மேம்பாலத்தின் பெயரில் மட்டும் மிச்சம் இருக்கிறது.) அம்மாவோடு ரெக்கார்டிங்குக்குப் போன சிறுமியும் கூட்டத்தில் ஒருத்தியாகப் பாடத் தொடங்கினார். 1954-ல் வந்த 'மனோகரா' கோரஸில் அந்தக் குரலும் உண்டு.

கோரஸ் பாடகிக்கு டைட்டில் கார்டில் பெயர் வராது. யார் குரலும் தனியாகத் தெரியக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் விதி. ஈஸ்வரியின் குரலோ எங்கே வைத்தாலும் தனியாகத் தெரியும் ரகம். 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் அவரைத் தனியாகப் பாட வைத்தார். எம்.எஸ்.ராஜேஸ்வரி என்ற பாடகி ஏற்கெனவே பிரபலமாக இருந்ததால் ராஜேஸ்வரி 'ஈஸ்வரி' ஆனார்.

பெரிய திருப்பம் 1961-ல், 'பாசமலர்'. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில், மணப்பெண்ணைத் தோழிகள் அழைக்கும் அந்தப் பாட்டைக் கல்யாண மண்டபங்கள் இன்னும் விடவில்லை. வேடிக்கை என்னன்னா, அதிலும் பின்னால் ஒரு கோரஸ் இருக்கிறது. இந்த முறை ஈஸ்வரி முன்னால் நின்றார்.

'கிளப் பாட்டு' முத்திரை ஏன் விழுந்தது?

அந்தக் காலத்தில் கதாநாயகிக்குக் குரல் என்றால் பெரும்பாலும் பி.சுசீலாதான். மிச்சம் இருந்தது என்ன? வில்லன் கூடாரத்தில் ஆடும் பெண், நாயகியின் தோழி, காமெடியனின் ஜோடி. அங்கேதான் ஈஸ்வரிக்கு இடம் கிடைத்தது. இந்தியில் லதா மங்கேஷ்கருக்கும் ஆஷா போஸ்லேவுக்கும் இடையே விழுந்த அதே கோடுதான்.

கிடைத்த இடத்தில் அவர் செய்தது கொஞ்சமல்ல. 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) டி.எம்.சௌந்தரராஜனோடு தூத்துக்குடிப் பேச்சில் பாடினார். 'பணமா பாசமா'வில் (1968) எலந்தப் பழம் விற்கும் பெண்ணுக்குப் பாடிய பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 'சிவந்த மண்' (1969) படத்தில் சாட்டை அடிக்கு நடுவே வலியையும் மிடுக்கையும் ஒரே மூச்சில் கொண்டுவந்தார்.

ஆனா, இந்த முத்திரை பாதி உண்மைதான். கே.பாலசந்தரின் 'வெள்ளி விழா' (1972) படத்தில் வி.குமார் இசையில், காதோடு ரகசியம் சொல்வதுபோல அவர் பாடியதைக் கேளுங்க. அவரை அதட்டலான பாடகி என்று மட்டும் நினைத்தவர்கள், பாடியது யாருன்னு இரண்டாவது முறை கேட்பார்கள். இப்படிப்பட்ட பாட்டுகள் அவருக்கு இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது தமிழ் சினிமாவின் நஷ்டம்.

சினிமா வாய்ப்பு குறைந்த பிறகு?

எழுபதுகளின் பிற்பகுதியில் காற்று மாறியது. 1976-ல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார், எஸ்.ஜானகி, வாணி ஜெயராம் குரல்கள் நிறையக் கேட்டன. கிளப் டான்ஸுக்கென்று தனி நடிகை என்ற வழக்கமும் மெல்ல மறைந்தது.

ஈஸ்வரியைத் தாங்கியது மாரியம்மன் என்றே சொல்லலாம். அம்மன் பாடல்கள் முதலில் ரெக்கார்டில், பிறகு கேசட்டில் ஊர் ஊராகப் போயின. கோயில் திருவிழாக் கச்சேரிகளுக்கு அழைப்பு வந்தது. அந்தக் குரல் அம்மனுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது? உடுக்கையும் பம்பையும் அதிரும்போது, மெல்லிய குரல் கூம்பு ஸ்பீக்கரில் காணாமல் போகும். தொண்டையைத் திறந்து நேராக வரும் ஈஸ்வரியின் குரல் தெருமுனை தாண்டியும் எழுத்து எழுத்தாகக் கேட்கும். கிளப் பாட்டில் 'அடக்கம் இல்லை' என்று முகம் சுளிக்க வைத்த அதே தொண்டைதான். இங்கே அதற்குப் பெயர் ஆவேசம்!

மறுபடியும் சினிமாவுக்கு வந்தாரா?

வந்தார். 2011-ல் 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் டி.ராஜேந்தரோடு பாடியபோது எழுபதைத் தாண்டியிருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் ஆடித் தீர்த்த பாட்டு அது. பல பேருக்கு அவர் பெயரே அப்போதுதான் தெரியும்.

2020-ல், 80 வயதில், நயன்தாரா அம்மனாக நடித்த 'மூக்குத்தி அம்மன்' படத்துக்கு ஒரு குத்துப் பாட்டு தேவைப்பட்டது. ஆடித் திருவிழாப் பாட்டு. அதைப் பாடியதும் எல்.ஆர்.ஈஸ்வரிதான்.