நெருப்பு அணைஞ்ச பிறகு பேசின விலை

2006 டிசம்பர் கடைசியில பிரித்தானியா ஒரு பழைய கடனைக் கட்டி முடிச்சது. அமெரிக்காவுக்குக் கடைசித் தவணை ஏறக்குறைய 83 மில்லியன் டொலர். இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட வாங்கின கடன் அது. அப்ப நான் லண்டனில ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில கோப்பை கழுவிக்கொண்டிருந்தன். என்ர சம்பளத்தில பிடிச்ச வரியிலயும் ஒரு சதம் அதுக்குப் போயிருக்கும் எண்டு பிறகு நினைச்சுச் சிரிச்சிருக்கிறன்.

கதை 1940 டிசம்பரில தொடங்குது. பக்கத்து வீடு எரியேக்க தண்ணிக் குழாயைக் குடுக்கிறவன் முதல்ல 15 டொலர் தா எண்டு கேக்கமாட்டான், நெருப்பு அணைஞ்ச பிறகு குழாயைத் திருப்பித் தந்தாக் காணும் எண்டு ரூஸ்வெல்ட் பத்திரிகைக்காரருக்குச் சொன்னார். 1941 மார்ச்சில கடன்-குத்தகைச் சட்டம் வந்தது. அதுக்குள்ள பிரித்தானியாவின்ர தங்கமும் டொலரும் கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. 50 பழைய போர்க்கப்பலுக்காக, கரீபியன் தீவுகளில தளம் அமைக்கிற உரிமையை 99 வருசக் குத்தகைக்கு எழுதிக் குடுத்தும் இருந்தது.

1945 ஆகஸ்டில ஜப்பான் பணிஞ்சு ஒரு கிழமைக்குள்ள ட்ரூமன் உதவியை நிப்பாட்டினார். சாப்பாட்டுச் சாமான் வாங்கக்கூட டொலர் இல்லாத நிலை. செப்ரெம்பரில பொருளியலாளர் கெய்ன்ஸ், இருதய வருத்தத்தோட வோஷிங்டன் போனார். நாங்கள் முதலில இருந்தே நிண்டு சண்டை பிடிச்சனாங்கள், காசை நன்கொடையாத் தருவினம், இல்லாட்டி வட்டியில்லாமலாவது தருவினம் எண்டு நம்பித்தான் போனார்.

மூண்டு மாதம் பேசி டிசம்பர் 6 கையெழுத்து. 3.75 பில்லியன் டொலர், 2 வீத வட்டி, 1951 தொடங்கி 50 தவணை. மிச்சக் குத்தகைச் சாமான் கணக்குக்கு இன்னும் 650 மில்லியன். பவுணை ஒரு வருசத்துக்குள்ள டொலரா மாத்த விடவேணும் எண்டும் ஒரு நிபந்தனை. 1947 ஜூலையில அப்பிடி விட்டினம். டொலர் கரைஞ்சுபோக, ஐஞ்சு கிழமையில திரும்ப மூடிச்சினம். கெய்ன்ஸ் அதைப் பாக்கேல்லை, 1946 ஏப்ரலிலயே இறந்திட்டார். அந்த வருச ஜூலையில, போர்க்காலத்தில கூடக் கூப்பனுக்கு வராத பாண் கூப்பனுக்கு வந்தது.

இதே பிரித்தானியா இன்னொரு பக்கம் இந்தியாவுக்குக் கடன்காரன். இந்தியா போருக்குக் குடுத்த சாமானுக்கும் செலவுக்கும் காசு வரேல்லை, லண்டனில கணக்கில மட்டும் எழுதினவை. போர் முடிய அது கிட்டத்தட்ட 1,300 மில்லியன் பவுண். அந்தச் செலவுக்கு இந்தியாவில ரூபா நோட்டடிக்க விலைவாசி ஏறினது. 1943 வங்காளப் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். இப்பிடியான கடன்களில ஒரு பங்கைக் குறைக்கிறது பற்றி வோஷிங்டன் ஒப்பந்தத்திலயே எழுதியிருக்கு. அந்த மேசையில இந்தியா இருக்கேல்லை.

அமெரிக்காவைத் திட்ட இதை எழுதேல்லை. 2 வீதம் மலிவு வட்டிதான். ஆனா ஒண்டு விளங்குது. நெருப்பு எரியேக்க ரண்டு பேருக்கும் மற்றவர் தேவை. அணைஞ்ச பிறகு ஒருத்தருக்குத்தான் தேவை. கெய்ன்ஸ் அளவு கெட்டிக்காரனே அப்ப போய்ப் பேசினதாலதான் தோத்தார். துணைக்கு வாற நாட்டை நம்புறவை, துணை தேவைப்படுற காலத்திலயே பிறகு என்ன நடக்கும் எண்டதையும் எழுதி வாங்கவேணும்.