ரோமர்கள் எங்களுக்கு என்னதான் செய்தாங்கள்? திருகோணமலையில் இருந்து ‘லைஃப் ஒஃப் பிரையன்’

1979ஆம் ஆண்டை எங்கட சனம் ஞாபகம் வைத்திருப்பது பயங்கரவாதத் தடைச் சட்டத்தால்தான். ‘தற்காலிகம்’ எண்டு சொல்லி அந்த யூலையில் கொண்டுவந்த சட்டம். அடுத்த மாதம் நியூயோர்க்கில் ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் வெளியானது. மொன்டி பைதன் குழுவின் ‘லைஃப் ஒஃப் பிரையன்’. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் சட்டம் எங்களிடம் உடனே வந்துவிட்டது, படம் வந்துசேர நாற்பது வருசத்துக்கு மேல் எடுத்தது. பிந்தி வந்தாலும் சரியான ஆக்களிட்டத்தான் வந்திருக்குது எண்டு நாங்கள் நினைக்கிறோம். ஏன் எண்டு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை. யேசு பிறந்த அதே இரவில், பக்கத்துத் தொழுவத்தில் பிரையன் எண்டொரு பிள்ளை பிறக்கிறது. ஞானிகள் மூன்று பேரும் இடம் மாறி முதலில் இங்கேதான் வருகிறார்கள். பிழை தெரிந்ததும் குடுத்த பரிசைத் திரும்பப் பறித்துக்கொண்டு போகிறார்கள். வளர்ந்த பிரையன் ரோமர்களுக்கு எதிரான ஒரு இயக்கத்தில் சேர்கிறான். பிறகு கூட்டம் அவனை மீட்பர் எண்டு துரத்துகிறது. கடைசியில் சிலுவை. படம் நக்கலடிப்பது யேசுவை இல்லை. அவர் மலையில் பேசும்போது தூரத்தில் நின்று, சொன்னதைப் பிழையாகக் காதில் வாங்குகிற கூட்டத்தைத்தான்.

இந்தப் படம் வந்ததே பெரிய பாடு. காசு போட ஒத்துக்கொண்ட இஎம்ஐ நிறுவனத்தின் தலைவர் பெர்னார்ட் டெல்ஃபொன்ட், கதையைப் பார்த்துப் பயந்து 1978இல் கையை விரித்துவிட்டார். காப்பாற்றியவர் பீட்டில்ஸ் ஜோர்ஜ் ஹரிசன். தன்ர வீட்டை அடமானம் வைத்துக் காசு குடுத்தார். காரணம் கேட்டதற்கு, அந்தப் படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது எண்டாராம். துனீசியாவில் படப்பிடிப்பு நடந்தது. வெளியானதும் எதிர்ப்பு. அயர்லாந்தில் 1987 வரை தடை. பிரிட்டனிலேயே பல உள்ளூராட்சி சபைகள் திரையிட விடவில்லை. பின்னாளில் எங்களுக்குச் சமாதானம் பேச வந்த நோர்வேயும் ஒரு வருசம் தடை செய்தது. பக்கத்து நாடான சுவீடனில், நோர்வேயில் தடை செய்யும் அளவுக்குச் சிரிப்பான படம் எண்டே விளம்பரம் போட்டார்கள்.

இனி விசயத்துக்கு வருவோம். பிரையன் சேருகிற இயக்கத்தின் பேர் ‘யூதேயாவின் மக்கள் முன்னணி’. அவர்கள் ரோமர்களை வெறுக்கிறார்கள். ரோமர்களைவிட அதிகமாக வெறுப்பது ‘யூதேய மக்கள் முன்னணி’யை! இன்னொரு முன்னணியும் இருக்குது. அதில் மிச்சம் இருப்பது ஒரேயொரு கிழவர், தூரத்தில் தனிய இருக்கிறார். படம் எடுத்தவர்கள் மனதில் வைத்திருந்தது எழுபதுகளின் பிரிட்டிஷ் இடதுசாரிக் குழுக்களை. ஆனால் இந்த ஊரில் இருந்து பார்க்கிறவருக்கு யார் நினைவு வரும்?

தமிழீழ விடுதலை இயக்கம். தமிழீழ விடுதலைப் புலிகள். தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம். ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி. ஐந்தாறு சொற்கள்தான், இடம் மாறி மாறி வரும். முப்பத்தேழு இயக்கம் எண்டு பெரியாக்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்களும் கொஞ்சம் சிரிப்பார்கள், பிறகு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

படத்தில் ஒரு காட்சி. ஆளுநர் பிலாத்துவின் மனைவியைக் கடத்த இரண்டு இயக்கங்கள் ஒரே இரவில் மாளிகைக்குள் நுழைகின்றன. திட்டம் ஒன்றுதான். ஆனால் யார் முதலில் போட்ட திட்டம் எண்டு அடிதடி. பொது எதிரிக்கு எதிராக ஒன்றுசேர வேண்டாமா எண்டு பிரையன் கெஞ்சுகிறான். உடனே எல்லாரும் மற்ற முன்னணியின் பேரைக் கத்துகிறார்கள். பிரையன்தான் ரோமர்களை ஞாபகப்படுத்த வேண்டியிருக்குது. ரோமக் காவலர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

நாங்கள் இந்தக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எங்கட வருசங்களை எண்ணிப் பார்த்தோம். 1985 ஏப்ரலில் நான்கு பெரிய இயக்கங்கள் ஒரே முன்னணியில் கைகோத்து நின்றன. அந்த வருசம் திம்புவில் ஒரே மேசையில், ஒரே கோரிக்கைகளோடு இருந்தார்கள். 1986 மே 6இல் ரெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தைப் புலிகள் கொன்றார்கள். அந்த நாட்களில் ரெலோப் பொடியள் எத்தனையோ பேர் செத்தார்கள். டிசம்பரில் ஈபிஆர்எல்எஃப் மீது பாய்ந்தார்கள். படத்தில் ஒரு இரவில் முடிகிற கதை எங்களுக்கு வருசக்கணக்காக நடந்தது.

படத்தில் எல்லாரும் சொல்லும் காட்சி இன்னொன்று: ரோமர்கள் எங்களுக்கு என்னதான் செய்தாங்கள் எண்டு இயக்கத் தலைவர் ரெஜ் கேட்க, கால்வாய், ரோட்டு, மருத்துவம், கல்வி எண்டு தோழர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் குடுப்பது. நல்ல பகிடிதான். ஆனால் இந்தத் துறைமுகத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பகிடி பாதிதான்.

எங்கட பட்டியலையும் போடுவோம். ஃபிரெட்ரிக் கோட்டை: போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கட்டியது. 1795இல் பிரிட்டிஷ்காரர் பிடித்தார்கள். இன்றைக்கும் கோயிலுக்குப் போற வழி அந்தக் கோட்டை வாசலால்தான், உள்ளே இராணுவம் இருக்குது. கடற்படைத் தளம்: 1942 ஏப்ரல் 9இல் யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டது அதற்காகத்தான். 1957இல் இலங்கையிடம் கைமாறியது. இப்பவும் கடற்படைத் தளமாகத்தான் இருக்குது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்: மிச்சம் இருப்பவை 99. அந்த எண்ணெய் ஊர் விளக்குக்கு இல்லை, கப்பல்களுக்கு. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில் அந்தத் தாங்கிகள் வருகின்றன. 2022 சனவரியில் 61, 14, 24 எண்டு பிரித்து ஒப்பந்தம் போட்டார்கள். கட்டினது உண்மை. யாருக்காகக் கட்டினது எண்ட கேள்வியை ரெஜ்ஜின் தோழர்கள் ஒருவரும் கேட்கவில்லை. பைதன் குழுவில் ஐந்து பேர் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜில் படித்த பிரிட்டிஷ்காரர், ஆறாவது ஆள் அமெரிக்காவில் பிறந்தவர். அவர்களுக்கு அந்தக் கேள்வி வராதது பெரிய அதிசயம் இல்லை. படத்தை நேசிக்கிறோம், அந்த இடத்தில் மட்டும் சண்டை பிடிக்கிறோம்.

சுவரில் ரோமருக்கு எதிராக எழுதும் பிரையனைப் பிடிக்கிற படை அதிகாரி, இலத்தீன் இலக்கணத்தைத் திருத்தி நூறு தரம் எழுத வைக்கிற காட்சியையும் சொல்லாமல் விட ஏலாது. எங்கட அரச பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அந்த அதிகாரிக்காவது எழுத்துப்பிழையில் அக்கறை இருந்தது!

கடைசியில் ஒரு தற்கொலைப் படை வருகிறது. சிலுவையில் தொங்குகிற பிரையனைக் காப்பாற்றாமல், அவனுக்கு முன்னால் தங்களையே குத்திக்கொண்டு விழுகிறார்கள். 1979இல் லண்டனில் அது வெறும் அபத்தம். எட்டு வருசத்தில், 1987 யூலை 5இல், நெல்லியடியில் அது எங்கட வரலாறாகியது. அந்த இடத்தில் எங்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிக்காததைப் படத்தின் குறையாகவும் நாங்கள் நினைக்கவில்லை.

அந்தக் காலத்தைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த எழுத்து பெரும்பாலும் இரண்டு வகை: அஞ்சலி அல்லது குற்றப்பத்திரிகை. இரண்டும் தேவை. ஆனால் செத்தவரை அவமதிக்காமல், அந்தக் கூட்டங்களையும் தீர்மானங்களையும் பெயர்ப்பலகைச் சண்டைகளையும் பகிடியாகச் சொல்ல ஏலும் எண்டு பிரையன் காட்டுகிறான். எண்பதுகளில் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்ப அறுபது தாண்டிவிட்டது. அந்தப் பகிடிகள் அவர்களிடம்தான் இருக்குது. படத்தை அவர்களோடு இருந்து பாருங்கள். முன்னணிக் காட்சி வரும்போது திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். பிறகு மெதுவாகக் கேளுங்கள்: நீங்கள் எந்த முன்னணி?