கொளுக்கிப் புழுவும் சீனி வியாதியும்

பதுளைக்குப் புகைவண்டியிற் செல்வோர் தெமோதரையை எளிதில் மறப்பதில்லை. நிலையத்தை விட்டகன்ற வண்டி மலையை ஒருமுறை வளைந்து வந்து, சற்று முன் தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழி புகுந்து செல்லும். 1924ஆம் ஆண்டில் இப்பாதை பதுளையை அடைந்தது. அக்காலத்தில் இலங்கைத் தோட்டங்களை வாட்டிய நோயொன்றின் வரலாறு இன்றும் நமக்குப் பயன் தருவதாகும்.

அது கொளுக்கிப் புழு நோய். வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும் இப்புழு, குடலிலே தங்கி இரத்தத்தை உறிஞ்சும். கொழுந்து பறிப்பவள் வெளிறிப்போவாள். மலையேற மூச்சு வாங்கும். தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1912இல் சட்டம் இயற்றப்பட்டிருந்தும் நோய் தணியவில்லை. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒழிப்பு முயற்சியைத் தொடங்கிற்று. மருந்து கொடுத்தனர், புழுக்கள் வெளியேறின. ஆயினும் மலசலகூடங்கள் போதாமையால் அதே மண்ணிலிருந்து நோய் மீண்டும் பற்றிற்று. மருந்து உண்டவனைக் குணப்படுத்தலாம். லயம் முழுவதையும் காப்பது மலசலகூடமே. அதற்குச் செலவிடத் தோட்டத்துரைமார் பலர் தயங்கினர். இவ்வனுபவத்தின் பின்னரே, 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைந்தது. நோயாளி வரும்வரை காத்திராது, சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவமாதரும் வீடு தேடிச் செல்லும் முறை அதனால் வேரூன்றிற்று.

இன்று நம்மை வாட்டுவது சீனி வியாதியாகிய நீரிழிவு. வடக்கும் கிழக்கும் நீங்கலாக ஏழு மாகாணங்களில் 2005-06இல் நடந்த ஆய்வில், இருபது வயது கடந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் நீரிழிவாளர் எனக் கண்டனர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் தம் நோயை அறியாதிருந்தனர்.

மெலிந்த உடலினரான தோட்டத்து மக்களுக்கு இவ்வச்சம் ஏன் என்று கேட்கலாம். அச்சம் அங்கேதான் இருக்கின்றது. தோட்டங்களில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள், நாட்டின் சராசரியைக் காட்டிலும் அதிகம். அத்தகைய குழந்தை பின்னாளில் பருமனுற்றால், நீரிழிவுக்கு எளிதில் இலக்காகும் என்பது மருத்துவர் துணிபு. மலையேறிக் கொழுந்து பறித்தவளின் பேரன் இன்று கடையிலோ காரியாலயத்திலோ அமர்ந்து உழைக்கிறான். நடை நின்றது, கோதுமை மா ரொட்டியும் சீனி மிகுந்த தேநீரும் நிற்கவில்லை.

இதனைத் தடுக்க இயலுமா? இயலும். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். மூன்றாண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளராயினர். நடையும் உணவொழுங்கும் மேற்கொண்டோருள் 39 பேரே அவ்வாறாயினர். இலங்கையிலும் 2011 முதல் நோயை முன்னறியும் நிலையங்கள் திறக்கப்பட்டன. 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் விதிக்கப்பட்டது: நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேற் சீனியிருப்பின் சிவப்பு.

ஆனால், சோதனைக்காக ஒருநாட் சம்பளத்தை இழக்க வேண்டுமாயின் எந்தத் தொழிலாளி வருவாள்? சோதனை பெரட்டுக்களத்துக்கே வருதல் வேண்டும். லயத்து முற்றத்தில் கீரைப்பாத்தியும், கடையில் நியாய விலைக்குக் குரக்கனும் பயறும் வேண்டும். கருவுற்ற தாய்க்கு நல்லுணவு வேண்டும். தனியொருவனை நோக்கி, “சீனியைக் குறை” என்று மட்டும் சொல்லி அமைவது, மலசலகூடம் கட்டாது மருந்து கொடுத்த பழைய பிழையையே மீண்டும் செய்வதாகும்.