அடிக்கும் கை அணைக்குமா?

‘ஷைகு’ என்னும் சொல்லை நாம் மரியாதையோடு உச்சரிக்கிறோம். முதியவர், ஆசான், குலத்தலைவர் என்பன அறபு மொழியில் அதற்குரிய பொருள்கள். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் மேனாட்டு வாசகர் பலருக்கு அச்சொல் நினைவூட்டியது, பெண்ணைக் கவர்ந்து செல்லும் முரட்டுக் காதலனையே. இப்பொருள் திரிபுக்குப் பெருங்காரணமாயிருந்தது ஒரு காதல் நவீனம்.

ஈ. எம். ஹல் என்னும் ஆங்கிலப் பெண்மணி எழுதிய ‘தி ஷேக்’ 1919 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதை நிகழுமிடம் அல்ஜீரியப் பாலைவனம். டயானா மேயோ என்னும் சீமாட்டியை அஹ்மத் பின் ஹஸன் என்னும் தலைவன் கடத்திச் சென்று, கூடாரத்தில் சிறைவைத்து, வன்முறையால் அவளைச் சீரழிக்கிறான். அவளோ நாளடைவில் அவன்மீதே காதல் கொள்கிறாள்! 1921 இல் ருடால்ஃப் வாலண்டினோ நடிக்க, இக்கதை திரைப்படமாகி உலகெங்கும் பரவியது.

கதையின் முடிவில் ஓர் இரகசியம் வெளியாகிறது. அஹ்மத் அறபியே அல்லன். ஆங்கிலப் பிரபுவுக்கும் ஸ்பானிய மாதுக்கும் பிறந்தவன். கொடுமை செய்யும்வரை அவன் அறபி. கணவனாகும் தகுதி பெறும்போது ஐரோப்பியன்! இன்னும் கூர்ந்து நோக்கின் வேறோர் உண்மையும் புலப்படும். அவனுடைய தாய், கணவனின் குடிவெறிக் கொடுமைக்கு ஆளானவள். கருவுற்ற நிலையில் பாலைவனத்தில் தவித்த அவளுக்குக் கண்ணியத்தோடு அடைக்கலம் தந்தவர் முதிய அறபு ஷைகு ஒருவர். கதாசிரியையே எழுதி வைத்த இச்செய்தி எவர் நினைவிலும் தங்கவில்லை.

நம்மவர்மீது சுமத்தப்பட்ட பழியைச் சுட்டிக்காட்டுவது முறையே. அதனோடு நின்றுவிட்டால் நம் கடமை நிறைவேறாது. பெண் பொறுத்துக்கொண்டால் கொடியவன் திருந்துவான், அவன் கொடுமைக்குள்ளே காதல் மறைந்திருக்கிறது என்பதே இந்நவீனம் ஊட்டும் நஞ்சு. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று நம் வீடுகளிலும் சொல்லப்படுகிறதே, அதுவும் இதே நஞ்சன்றோ?

ஆங்கில இலக்கியத்திலேயே இதற்கு மறுப்பு முன்னரே எழுந்திருந்தது. 1848 இல் ஆன் பிராண்டி எழுதிய ‘வைல்ட்ஃபெல் மாளிகைக் குடித்தனக்காரி’ என்னும் நவீனத்தில், காதலித்து மணந்த குடிகாரக் கணவனைத் தன் அன்பால் திருத்தலாம் என்று ஹெலன் நம்புகிறாள். நம்பிக்கை பொய்க்கவே, மகனோடு வெளியேறி, ஓவியம் தீட்டிப் பிழைக்கிறாள். மனைவியின் உடைமையை அவளுக்கே உரியதாக்கிய விரிவான சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்பட்டதோ 1882 இல்தான்.

இனி மதீனாவை நோக்குவோம். வைகறைத் தொழுகைக்குப் புறப்பட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் வாயிலில் இருளில் ஒரு பெண் நிற்கக் கண்டார்கள். அவர் ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி). இனி அவரோடு வாழ இயலாது என்று முறையிட்டார். இமாம் மாலிக் அவர்களின் ‘முவத்தா’ இதனைப் பதிவு செய்கிறது. கணவர் அவரை அடித்திருந்த செய்தியை அபூதாவூத் தருகிறது. அண்ணலார் அவரைப் பொறுத்துப் போகும்படி சொல்லித் திருப்பி அனுப்பவில்லை. மஹராகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, அவரை அவருடைய குடும்பத்தாரிடம் சேர்த்தார்கள். அண்ணலார் எந்தப் பெண்ணையும் தம் கரத்தால் அடித்ததில்லை என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம்.

நம் நாட்டிலும் 1939 ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவனின் கொடுமையை மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது.

பெண்மக்கள் கதை படிப்பதைத் தடுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. படிக்கட்டும், கொடுமையைக் காதலென்று காட்டும் கதையை இனங்காணும் அறிவை அவர்களுக்கு நாம் அளிப்போம். அதனினும் முதன்மையானது ஒன்றுண்டு. அடிபட்ட மகள் வைகறை இருளில் வந்து நின்றால், நம் வாயிற்கதவு திறக்க வேண்டும்.