ஆதாம்: சிவனொளிபாத மலை தாங்கும் எபிரேயப் பெயர்

ஆதாம் என்பது விவிலியத்தில் முதல் மனிதனுக்கு வழங்கும் எபிரேயப் பெயர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆதாம் என்றும், தமிழ் முஸ்லிம்கள் அரபு உச்சரிப்பைத் தழுவி ஆதம் என்றும் சொல்வர். இலங்கையின் மலையகத்தில், நல்லதண்ணிக்கு மேலே 2,243 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவனொளிபாத மலைக்கு ஐரோப்பிய மொழிகளில் நிலைத்திருப்பதும் இப்பெயரே. மஸ்கெலியாவுக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய நல்லதண்ணி, ஹட்டன் வழியாக வரும் யாத்திரிகர் மலையேறத் தொடங்கும் இடம். டிசம்பர் மாதப் போயா எனும் முழுநிலா நாள் முதல் மே மாத வெசாக் வரை இங்கே யாத்திரைக் காலம்.

எபிரேயத்தில் ஆதாம் முதலில் ஒரு பொதுச்சொல். மனிதன், மனித இனம் என்பது அதன் பொருள். ஆதியாகமத்தின் இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களில் பெரும்பாலும் ‘அந்த மனிதன்’ எனச் சுட்டும் முன்னொட்டோடுதான் அது வருகிறது. முன்னொட்டு உதிர்ந்து, ஒருவனுக்கே உரிய பெயராக அது தெளிவாக நிற்பது 4:25இல். அதன் பிறகும் பொதுப்பொருள் மறையவில்லை. ஆணையும் பெண்ணையும் படைத்து இருவருக்கும் சேர்த்தே இப்பெயரை இட்டதாக 5:2 கூறுகிறது. முதல் ஆணின் பெயர் என்று மட்டும் இதைக் கற்றவர்கள் நின்று வாசிக்க வேண்டிய வசனம் அது.

நிலத்தைக் குறிக்கும் ‘அதாமா’ என்ற சொல்லோடு ஆதியாகமம் 2:7 இப்பெயரை இணைக்கிறது: மண்ணிலிருந்து உருவானவன் மனிதன். சிவப்பைக் குறிக்கும் ‘ஆதோம்’, இரத்தத்தைக் குறிக்கும் ‘தாம்’ ஆகியவற்றோடும் அறிஞர்கள் இதை ஒப்பிடுவர். வேர்ச்சொல் எது என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. விவிலியத்தில் இதே பெயரில் ஓர் ஊரும் உண்டு என்பது பலர் கவனிக்காத செய்தி. யோர்தான் நதியின் நீர் குவியலாக நின்ற இடத்தை யோசுவா 3:16 அவ்வூரைச் சொல்லியே அடையாளம் காட்டுகிறது.

இலங்கை மலையை விவிலியம் எங்கும் குறிப்பிடவில்லை. ஆதம் நபி பூமிக்கு இறக்கப்பட்டதைச் சொல்லும் குர்ஆனும் இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. இந்த மலையோடு அவரைச் சேர்த்தது இந்தியப் பெருங்கடலில் வணிகம் செய்த முஸ்லிம்களின் மரபு. 851ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அரபு வணிகக் குறிப்பொன்று மலையை அர்-ருஹூன் என்கிறது. ஆதம் இறங்கியது அங்கேதான் என்றும், ஒரு பாதம் பாறையில் பதிந்தபோது மறு பாதம் கடலில் இருந்தது என்றும் அது கூறுகிறது.

1344இல் இலங்கை வந்த முஸ்லிம் பயணி இப்னு பதூதா இம்மலையில் ஏறியவர். யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் கொடுத்து அனுப்பினார். உச்சிக்கு ஆதமின் பெயரால் ‘பாபா’ வழி, ஏவாளின் பெயரால் ‘மாமா’ வழி என இரண்டு பாதைகள் இருந்தன என்று அவர் எழுதினார். எளிதான மாமா வழியில் ஏறியவரின் யாத்திரையை அங்கே யாத்திரையாகவே கொள்ளமாட்டார்களாம். முஸ்லிம் பயணி ஒருவரைத் தமிழ் அரசர் இந்துத் துறவியரோடு அனுப்பிவைத்த இந்நிகழ்ச்சிக்கு மலையின் வரலாற்றில் தனி இடம் தரவேண்டும்.

மார்க்கோ போலோவும் இம்மலையைப் பற்றி இரு மரபுகளைப் பதிவு செய்தார். உச்சியில் இருப்பது ஆதமின் கல்லறை என்று முஸ்லிம்களும், சாக்கியமுனி புத்தரின் நினைவிடம் என்று பௌத்தர்களும் சொன்னதாக அவர் எழுதுகிறார். போர்த்துக்கீசரின் ‘பிக்கோ டி ஆதாம்’ பிற்பாடு வந்தது. ஆங்கிலேயரின் ‘ஆடம்ஸ் பீக்’ அதற்கும் பிந்தியது. ஆகவே மலைக்கு இப்பெயரைச் சூட்டியவர்கள் ஐரோப்பியர் என்று எழுதுவது தவறு. நூற்றாண்டுகளாக முஸ்லிம்களிடம் வழங்கிய பெயரை அவர்கள் தம் மொழியில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே.

பௌத்தர்களுக்கு அது ஸ்ரீ பாத, சிங்களத்தில் சமனல கந்த என்றும் பெயர், இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். இலங்கை முஸ்லிம்கள் தமிழில் அதைப் பாவா ஆதம் மலை என்றும், சுருக்கிப் பாவாத மலை என்றும் அழைக்கின்றனர். ஆங்கிலப் பெயரை எழுத்துப்பெயர்த்து இடும் தமிழ் நூல்களும் பாடப்புத்தகங்களும் அதற்குப் பதில் பாவாத மலை என்றே அச்சிடலாம்.