போன வருஷக் கணக்கு: இறுதிப் போட்டியில் வன்மமும் வஞ்சினமும்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஊர்கள். முன்னது, 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸையும் அதன்பின் வந்த பஞ்சாலைகளையும் ஒட்டி வளர்ந்தது. பின்னது, ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தைச் சுற்றி வாழ்வது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊர் அணிகள் கபடியிலோ வாலிபாலிலோ டென்னிஸ் பந்து கிரிக்கெட்டிலோ ஒரு சுழற்கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோதினால், தோற்ற ஊரில் அந்தத் தோல்வி அடுத்த ஆண்டு வரை டீக்கடைப் பேச்சில் உயிரோடு இருக்கும். மறு ஆண்டும் அதே அணிகள் இறுதிக்கு வந்துவிட்டால் "போன வருஷக் கணக்கு பாக்கி இருக்கு" என்ற ஒரு பேச்சே போதும், பையன்களை உசுப்பிவிடலாம் என்று அணியை நடத்துகிறவர்கள் நம்புகிறார்கள். மாநில அணிகளுக்கும் தேசிய அணிகளுக்கும் நாளிதழ்கள் போடும் 'பழி தீர்க்குமா?' என்ற தலைப்பிலும் இதே நம்பிக்கைதான் இருக்கிறது. இந்த நம்பிக்கையை ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை. பழியுணர்வு ஒரு வீரனைப் பயிற்சிக்கு இழுத்து வரும். இறுதி ஆட்டத்துக்குள் அது நுழைந்தால், அவன் எங்கே போகப்போகிறான், என்ன செய்யப்போகிறான் என்பதை எதிரணிக்கு முன்கூட்டியே சொல்லிவிடும் என்பது என் வாதம்.

கபடியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாடிப் போகிறவனுக்கு முப்பது விநாடி இருக்கிறது. எதிரே ஏழு பேர். இடது கார்னரா, வலது கார்னரா, நடுவில் நிற்கும் கவரா, யாரையும் தொடாமல் போனஸ் கோட்டை மட்டும் மிதித்துவிட்டு வருவதா என்று அவனுக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. அவன் எதைத் தேர்வான் என்பது எதிரணிக்குத் தெரியாத வரைதான் அவன் ஆபத்தானவன். போன ஆண்டு இறுதி ஆட்டத்தில் கணுக்காலைப் பிடித்துத் தன்னைக் கவிழ்த்த இடது கார்னர்காரனையே தொட்டுவிட்டு வரவேண்டும் என்று அவன் உள்ளே போனால், நடுக்கோட்டைத் தாண்டும்போதே அவன் கண்ணும் தோளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கார்னர்காரன் ஓர் அடி பின்வாங்கி ஆழத்துக்கு இழுப்பான். கவரில் நிற்கிறவன் கைச்சங்கிலியைக் கோத்துக்கொண்டு பின்னால் வந்து வழியை அடைப்பான். அதற்குப் பிறகு பிடி விழுவது எளிது. பாடிப் போனவனின் உடல்பலம் போன ஆண்டைவிடக் கூடியிருக்கலாம். ஆனால் அந்தப் பல வழிகளில் ஒன்றைத் தானே தேர்ந்துவிட்டதால் அவன் தற்காப்பு அணியின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டான். கோபம் வலிமையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்றே இந்த விஷயம் பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. பயிற்சியாளர்கள் அஞ்ச வேண்டியது, பழியுணர்வு ஆட்டத்தின் தெரிவுகளைச் சுருக்கிவிடுவதைத்தான்.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றானின் வலிமை, துணைவரின் வலிமை என நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. பழியுணர்வில் இருக்கிறவன் மாற்றானை மட்டும்தான் பார்க்கிறான். அந்த மாற்றானும் இன்று எதிரே நிற்பவன் அல்லன். போன ஆண்டு நின்றவன்.

தமிழ்நாட்டுக் கிரிக்கெட் அணியின் சில இறுதிப் போட்டிகள் இதற்கு நல்ல சான்று. கர்நாடகத்தின்மேல் தமிழ்நாட்டுக்கு இருந்த மனக்கசப்பு பழையது. 2015 மார்ச்சில் மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த ரஞ்சிக் கோப்பை இறுதியில் கர்நாடகத்தின் கருண் நாயர் 328 ரன் எடுக்க, தமிழ்நாடு இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் வித்தியாசத்தில் தோற்றது. 2019 அக்டோபர் 25 அன்று பெங்களூருவில் விஜய் ஹசாரே கோப்பை இறுதியில் அதே அணி எதிரே வந்தது. அபிமன்யு மிதுன் தன் பிறந்த நாளில் ஹாட்ரிக் எடுத்தார். தமிழ்நாடு 252-க்குச் சுருண்டது. மழை குறுக்கிட்ட ஆட்டத்தில் கர்நாடகம் 60 ரன்னில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. சரியாக 37 நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று, சூரத்தில் சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதியில் மீண்டும் அதே கர்நாடகம். பழி தீர்க்க இதைவிடச் சூடான தருணம் வேறு கிடைக்காது. 181 என்ற இலக்கில் கடைசி ஓவருக்கு 13 ரன் தேவைப்பட்டது. கிருஷ்ணப்பா கௌதமின் முதல் இரண்டு பந்துகளையும் ரவிச்சந்திரன் அஸ்வின் எல்லைக் கோட்டுக்கு விரட்டினார். மீதி நான்கு பந்தில் ஐந்து ரன் போதும்; கிடைத்தது மூன்று. இரண்டாவது ரன்னுக்கு ஓடிய விஜய் சங்கர் ரன் அவுட் ஆனார். ஒரு ரன்னில் கோப்பை போயிற்று. அந்தக் கடைசி நான்கு பந்துகளில் எந்த வீரருக்கும் வேட்கை குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான்கு பந்தில் ஐந்து ரன் என்ற கணக்கை அவசரப்படாமல் பிரித்து எடுக்கும் நிதானம்தான் அங்கே வேண்டியிருந்தது.

இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது என்று எதிர்வாதம் வரும். வரட்டும். 2021 நவம்பர் 22 அன்று டெல்லியில் அதே கோப்பையின் இறுதியில் அதே எதிரணி. 152 என்ற இலக்கு. கடைசி ஓவருக்கு 16. கடைசிப் பந்துக்கு ஐந்து. ஷாருக் கான் அதை ஸ்கொயர் லெக் பக்கம் சிக்சருக்குத் தூக்கினார். 15 பந்தில் ஆட்டமிழக்காமல் 33. சூரத்தில் ரன் அவுட் ஆன விஜய் சங்கர் இங்கே அணித் தலைவர். கதையாக எழுதினால் பழி தீர்த்த கதைதான், அதுவும் அச்சடித்தாற்போன்ற கதை. ஆனால் இதற்கு இடையில் நடந்த ஓர் ஆட்டத்தை இந்தக் கதை விழுங்கிவிடுகிறது. 2021 ஜனவரி 31 அன்று அகமதாபாத்தில் தமிழ்நாடு பரோடாவை 7 விக்கெட்டில் வென்று இதே கோப்பையை எடுத்திருந்தது. பரோடாவின்மேல் நமக்கு எந்தப் பகையும் கிடையாது. மணிமாறன் சித்தார்த் நான்கு விக்கெட் எடுத்து அவர்களை 120-க்குள் கட்டினார், பதற்றமில்லாத வெற்றி. பகையில்லாத எதிரியிடம் நிதானமாக வென்று, பத்து மாதம் கழித்துப் பகையுள்ள எதிரியிடம் கடைசிப் பந்தில் வென்ற அணி, எந்தப் பலத்தால் வென்றது? டெல்லியில் நான்கு ஓவரில் 12 ரன் மட்டும் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்த சாய் கிஷோரின் இடக்கைச் சுழலைப் பழியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஷாருக் கான் அடித்த கடைசிப் பந்தை வீசியவரும் கௌதம் அல்லர், பிரதீக் ஜெயின். சூரத்துக் கணக்கு அவரிடம் எதுவும் பாக்கி இல்லை.

மூன்று நான்கு ஆட்டங்களை வைத்துப் பொது விதி செய்ய முடியாது என்பது உண்மை. வெற்றிக்குப் பின் எழுதப்படும் பழிக்கதைகளும் அதே ஓரிரு ஆட்டங்களை வைத்துத்தான் விதி செய்கின்றன என்பதைக் காட்டவே இவற்றை எடுத்தேன். தமிழ்நாடு பிரீமியர் லீகில் இன்னும் கச்சிதமான கதை ஒன்று உண்டு. 2016 இறுதியில் தூத்துக்குடி அணியிடம் 122 ரன் வித்தியாசத்தில் நொறுங்கிய சேப்பாக்கம் அணி, 2017 இறுதியில் அதே அணியை 6 விக்கெட்டில் வென்றது. இருபது ஓவர் ஆட்டத்தில் 122 ரன் தோல்வி என்பது மிக அரிதான ஒரு நாள். அதே இரு அணிகள் அடுத்து எப்போது மோதினாலும் இடைவெளி சுருங்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு ஒருவர் மனத்திலும் கறுவு வேண்டியதில்லை. மிக மோசமான நாளுக்குப் பின் வழக்கமான நாள் வருவதைப் பழியின் வேலை என்று எண்ணிக்கொள்வது, காய்ச்சல் உச்சத்தில் கட்டிய தாயத்தால் காய்ச்சல் இறங்கியது என்பதைப் போன்றது.

இதைவிட வலுவான மறுப்பு உளவியல் ஆய்விலிருந்து வருகிறது. கேவின் கில்டஃப் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டப் பந்தயக்காரர்கள் தமக்கு நெடுநாள் போட்டியாளராக இருந்தவர் களத்தில் இருக்கும்போது ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் சுமார் 25 விநாடி வேகமாக ஓடினார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை. ஓட்டக்காரன் தன் ஓட்டத்தை ஓடுகிறான். எதிரியைப் பிடிக்கவோ ஏமாற்றவோ வேண்டியதில்லை. ஊக்கம் முழுவதும் காலுக்குப் போகிறது. எதிரியின் உடலைத் தொட வேண்டிய ஆட்டங்களில் கணக்கு மாறுகிறது. அதே கில்டஃபும் சக ஆய்வாளர்களும் இத்தாலியக் கால்பந்து லீகை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டதில், போட்டிப்பகை வலுத்த ஆட்டங்களில் ஒழுங்கீனத்துக்கான மஞ்சள், சிவப்பு அட்டைகள் கூடியிருப்பதைக் கண்டார்கள். 2006 உலகக் கோப்பை இறுதியில் 110-ஆவது நிமிடத்தில் ஜினடின் ஜிடான் ஒரு சொல்லுக்குத் தலையால் பதில் சொல்லி வெளியேறியதும், பிரான்ஸ் பெனால்டியில் தோற்றதும் உலகம் பார்த்தவை. இனி நம் ஊர்க் களத்துக்கு வருவோம்: பஞ்சாலையில் எட்டு மணிநேர ஷிஃப்ட் முடித்துவந்து, கூலி எதுவும் இல்லாமல் அந்தி வெளிச்சத்தில் ஆடும் பையன்களுக்கு மானம் ஒன்றுதானே முதலீடு, அதையும் எடுத்துவிட்டால் யார் பயிற்சிக்கு வருவார் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு முன் நான் தலைவணங்குகிறேன். பதினொரு மாதப் பயிற்சிக்குத் தோல்வியின் நினைவைப் போன்ற எரிபொருள் இல்லை. அந்த நினைவு எதை நோக்கித் திருப்பப்படுகிறது என்பதில்தான் எனக்குக் கவலை.

இதற்கு ஒரு பழைய சொல் நம்மிடமே இருக்கிறது. புறநானூற்றின் 71, 72, 73 ஆகிய மூன்று பாட்டுகளும் வஞ்சினக் காஞ்சித் துறையில் அமைந்தவை. மூன்றையும் அரசர்களே பாடியிருக்கிறார்கள். இளையவன் என்று பகைவரால் இகழப்பட்ட தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், அவர்களைச் சிதறடித்துப் பிடிக்காவிட்டால் தன் குடிமக்கள் தன்னைக் கொடியவன் என்று கண்ணீரோடு தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் தன் மனைவியைப் பிரியவும் நண்பர்களை இழக்கவும் ஒப்புக்கொள்கிறான். போர் பகைவரோடுதான். ஆனால் தவறினால் விழும் தண்டனைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்: அத்தனையும் சொன்னவன் தலையிலேயே விழுகின்றன. வன்மம் 'அவனை என்ன செய்வேன்' என்று பேசும். வஞ்சினம் 'நான் தவறினால் எனக்கு என்ன ஆகட்டும்' என்று பேசும். இரண்டுமே இகழ்ச்சியில் பிறப்பவை, ஆகவே ஒன்றுபோலத் தெரிகின்றன. பயிற்சிக் களத்தில் இரண்டாவது பேச்சுக்கு உடனே வேலை கிடைக்கும். இடது கார்னரிடம் மாட்டியவன் தன் கால் ஏன் அங்கே நின்றது என்று கேட்பான், வலப்பக்கம் பாடிப் போவதைப் பழகுவான், போனஸ் கோட்டை மிதித்துத் திரும்பும் அடியைக் கணக்கிடுவான். இறுதி ஆட்டத்தில் அவனுக்கு மறுபடியும் எல்லா வழிகளும் திறந்திருக்கும்.

டெல்லியில் கணக்கைத் தீர்த்த தமிழ்நாடு அணி, 34 நாள் கழித்து, டிசம்பர் 26 அன்று, ஜெய்ப்பூரில் விஜய் ஹசாரே கோப்பை இறுதியில் இமாச்சலப் பிரதேசத்தைச் சந்தித்தது. தினேஷ் கார்த்திக் 116 அடித்து, அணி 314 எடுத்தும், ஷுபம் அரோராவின் ஆட்டமிழக்காத 136 கோப்பையை இமாச்சலத்துக்குக் கொண்டுபோயிற்று. இமாச்சலத்தின்மேல் யாருக்கும் பழைய கோபம் இல்லை. கோபத்தை மட்டுமே நம்பும் அணிக்கு இப்படி ஓர் எதிரியிடம் காட்ட எதுவும் இருக்காது. எந்தத் தொடரிலும் இறுதிக்கு யார் வருவார் என்பதும் அதன் கையில் இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற அண்டை ஊர்களுக்கு இன்னொரு விலையும் உண்டு. பெங்களூரு வீரர் ஆட்டம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். இங்கே தோற்றவனும் வென்றவனும் மறுநாள் காலை ஒரே பேருந்தில் வேலைக்குப் போவார்கள். ஒருவனின் அக்கா மற்றவன் ஊரில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். இந்த வட்டாரத்தில் அணியை வளர்க்கிறவர் எவரானாலும், இறுதி ஆட்டத்துக்கு முந்தின இரவு போன வருஷக் கணக்கைப் பேச வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். அதைப் பேச வேண்டிய நாள் தோற்றதற்கு மறுநாள்: களத்தில் சுண்ணாம்புக் கோடு அழியும் முன்பே பையன்களை அங்கே நிறுத்தி, எந்தப் பிடியில் எந்தக் கால் மாட்டியது என்று ஒவ்வொருவரையும் தன் வாயால் சொல்லவைக்கும் நாள்.