வேடந்தாங்கல்: ஏரிப் பாசனமும் பறவைக் காவலும்

செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். தொண்டை மண்டலத்தின் ஏரிகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. பக்கத்திலுள்ள மதுராந்தகம் ஏரி இதைப் போலப் பல மடங்கு பெரியது. ஆனால் இந்தியாவிலேயே மிகப் பழைய பறவைக் காப்பிடங்களில் ஒன்று என்ற பெயர் இந்தச் சிற்றேரிக்குத்தான் உண்டு. இதை முதலில் காத்தவர்கள் அரசர்களோ வனத்துறையினரோ அல்லர். இதன் தண்ணீரில் நெல் விளைவித்த ஊர்க்காரர்கள்.

செங்கல்பட்டுப் பகுதியில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல்வெளியாகவே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதைத் தேக்கி வைத்துக்கொண்டால்தான் பயிர். அதனால் பல்லவர் காலம் தொட்டு இங்கே ஏரிகள் சங்கிலித்தொடராக வெட்டப்பட்டன. மேலே உள்ள ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் நீர் கீழேயுள்ள ஏரிக்குப் போகும். கரை, மதகு, கலங்கல், வாய்க்கால், ஆயக்கட்டு என்ற இந்த அமைப்பில் எந்தக் கண்ணி அறுந்தாலும் அடுத்த ஊர் காயும்.

இந்த அமைப்புக்குள்தான் பறவைகளும் குடியேறின. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது அதன் நடுவே நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் பாதிக்கு மேல் மூழ்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் வேரும் அடிமரமும் தண்ணீரில் கிடந்தாலும் பட்டுப்போகாத மரம் அது. சுற்றிலும் நீர் சூழ்ந்திருப்பதால் நரியும் காட்டுப்பூனையும் மனிதரும் எளிதில் நெருங்க முடிவதில்லை. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்கு வகைகள் என்று பல இனங்கள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. தை, மாசியில் வெயில் ஏறும்போது தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். அலகில் தண்ணீர் கொண்டுவந்து அவற்றின் மேல் ஊற்றும் நாரைகளும் உண்டு. பங்குனி வாக்கில் குஞ்சுகள் பறக்கத் தேறிவிடும். கோடையில் ஏரி வற்றும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் 30,000க்கு மேற்பட்ட பறவைகள் இங்கே கூடுகின்றன. மழை பொய்த்தால் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை.

பறவைகள் உறங்குவதும் இனம் பெருக்குவதும் இந்த ஏரியில் என்றாலும், அவற்றின் இரை பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறது. விடிந்ததும் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரி குளங்களுக்கும் பறந்து மீன், நண்டு, தவளை, நத்தை, பூச்சி ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புகின்றன. நத்தைகுத்தி நாரையின் மேல் அலகும் கீழ் அலகும் மூடிய நிலையிலும் நடுவில் ஓர் இடைவெளி விட்டே இருக்கும். நத்தையின் ஓட்டை உடைக்காமல், அலகின் நுனியால் உள்ளிருக்கும் சதையை அறுத்து உருவி எடுத்துவிடும். வயல் நத்தையும் வரப்பைத் துளைக்கும் நண்டும் இப்படிக் குறைவது உழவருக்கு முதல் ஆதாயம்.

இரண்டாவது ஆதாயம் அதைவிடப் பெரியது. பல கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து திரட்டப்பட்ட சத்தெல்லாம் எச்சமாக இந்த ஓர் ஏரியில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த அந்த நீர் மதகு திறந்ததும் நேராக நெல் வயலுக்குப் பாய்கிறது. எருவை வண்டி கட்டி ஏற்றி வந்து இறைக்க வேண்டிய வேலையைப் பறவைகள் செய்துவிடுகின்றன. வேடந்தாங்கல் ஏரித் தண்ணீர் பாயும் நிலத்துக்குத் தனியே உரம் வேண்டாம் என்பது அவ்வூர் உழவர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் செய்தி. மண்ணையும் நீரையும் ஆண்டுதோறும் கையாண்டவர்கள் ஆய்வுக்கூடம் தோன்றுவதற்கு முன்பே கண்டறிந்த அறிவு அது. உரிய மதிப்பு அதற்குத் தரப்பட வேண்டும்.

பலன் தெரிந்ததால் காவலும் ஏற்பட்டது. ஏரிக்குள் பறவையைப் பிடிப்பதில்லை, முட்டை எடுப்பதில்லை, கூடிருக்கும் மரத்தை வெட்டுவதில்லை என்ற கட்டுப்பாடு ஊர் வழக்கமாக நிலைத்தது. இரைச்சலும் கூடாது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கும் வழக்கம் இதன் தொடர்ச்சியே.

இந்த வழக்கம் அரசு ஆவணமாக மாறியது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். ஆர்க்காட்டு நவாபு 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக, அதாவது நிலவரி வருவாயை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் அந்தச் சீமை பாழானது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் தூர்ந்தன. 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ் வரி வருவாயை மீட்பதற்காகவே ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் தலவரலாற்றில் வரும் வெள்ளைக்காரத் துரை இவர்தான். பெருமழையில் கரை உடையும் தறுவாயில் இருந்தபோது ராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையில் நின்றதை அவர் கண்டார் என்றும், அதற்கு நன்றியாகத் தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. சன்னதியில் உள்ள கல்வெட்டு அந்தத் தருமத்தை அவர் பெயரில் குறிக்கிறது.

அதே காலத்தில்தான் வேடந்தாங்கல் மக்களும் அவரிடம் முறையிட்டார்கள். கும்பினிச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தனர். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய், பறவை போனால் எங்கள் விளைச்சலும் போகும் என்று எடுத்துரைத்தனர். ஏரியில் எவரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798இல் பிளேஸ் கவுல், அதாவது எழுத்துறுதி, எழுதிக் கொடுத்தார். உலகின் முதல் தேசியப் பூங்காவான அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன், துப்பாக்கி ஏந்திய ஆட்சியிடம் ஒரு சிற்றூர் வாதாடிப் பெற்ற ஆணை இது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதற்கு இன்னும் கூடுதல் இடம் தரலாம்.

1858இல், கும்பினி ஆட்சி முடிந்து பிரிட்டிஷ் முடியாட்சி தொடங்கிய ஆண்டில், இந்தக் கவுல் புதுப்பிக்கப்பட்டது. அதன் அருமை அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் நன்றாகத் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளில் கொக்கிறகு சூடும் நாகரிகம் பரவியது. வெண்கொக்குகளுக்கு மெல்லிய அலங்கார இறகுகள் முளைப்பது இனப்பெருக்கக் காலத்தில்தான். எனவே வேட்டைக்காரர்கள் தேடிப்போனதும் கூடுகள் நிறைந்த இடங்களையே. தாயைச் சுட்டால் குஞ்சும் பட்டினியால் சாகும். 1887இல் இந்தியாவில் காட்டுப்பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1902இல் இறகு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

அதன்பின் அரசின் அங்கீகாரம் படிப்படியாக வளர்ந்தது. 1936இல் செங்கல்பட்டு கலெக்டர் இந்த ஏரியைப் பறவைச் சரணாலயமாக ஏற்றார். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், வேடந்தாங்கலைப் பற்றித் தொடர்ந்து எழுதி அதை ஊரறியச் செய்தார். 1962இல் ஏரி காப்புக்காடாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1998இல் வெளியான அறிவிக்கை, ஏரியை மட்டுமன்றி அதைச் சுற்றி 5 கி.மீ. ஆரத்தையும் சரணாலயமாக்கியது. எச்சத்தின் மிகுதியால் மரங்கள் வெளுத்துப் பட்டுப்போவது உண்டு என்பதால் வனத்துறை ஏரிக்குள் கருவேல மரங்களையும் நட்டு வளர்த்தது.

காவல் ஊரிலிருந்து துறைக்கு மாறிய இதே காலத்தில் உழவும் மாறியது. 1960களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் ரகங்களும் யூரியாவும் வந்தன. அதன்பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. எச்சம் கலந்த தண்ணீர் இல்லாமலும் விளைவிக்க முடியும் என்றானபோது ஏரிக்கும் உழவருக்கும் இருந்த பழைய பிடிமானம் தளர்ந்தது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து நத்தையையும் மீனையும் குறைக்கிறது. அவை குறைந்தால் நாரை எங்கே இரை தேடும்? துப்பாக்கியைத் தடுத்த கவுலால் இதைத் தடுக்க முடியாது.

பிடிமானம் எல்லா ஊர்களிலும் அற்றுப்போய்விடவில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. விழும் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்துப் பேணுகிறார்கள். பறவை எச்சம் படிந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக இடுகிறார்கள். அந்த ஊர் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கும் பட்டாசு ஒலி கேட்பதில்லை.

வேடந்தாங்கலைச் சுற்றிய 5 கி.மீ. வளையத்தில் பெரும்பகுதி பட்டா நிலமும் சிறு ஏரிகளும்தான். 2020இல் அந்த ஆரத்தை 3 கி.மீ. ஆகச் சுருக்கும் முன்மொழிவு எழுந்தபோது சூழலியலாளர்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்தனர். பறவையின் கூடு ஏரியில் என்றால் அதன் சோறு வயலில் என்பதே எதிர்ப்பின் சாரம்; அது முற்றிலும் சரியான வாதம். 2022இல் வேடந்தாங்கலும், அருகிலுள்ள கரிக்கிலியும், கூந்தன்குளமும் ராம்சர் சாசனத்தின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. பட்டியலில் பெயர் ஏறியது பெருமை. ஆனால் ஏரிக்கு வரும் வாய்க்கால்களை அடைக்காமலும், சுற்றியுள்ள நெல் வயல்களை மனைகளாக்காமலும், பூச்சிமருந்தைக் குறைத்தும் காத்தால்தான் அந்தப் பெயர் நிற்கும். அதைச் செய்யும் உழவருக்கு அரசு உரிய ஊக்கத்தொகை தர வேண்டும். 1798இல் இந்த ஏரியைக் காத்தவர்கள் அவர்களின் முன்னோர்களே.